கெத்சியாளிடம் சொல்லக் கூடாதது

சுகிர்தபுரம் கோவில் தெருவில், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஞானராஜுக்கும் அன்னபாக்கியத்துக்கும் இளைய மகளாகப் பிறந்து பதினொன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த கெத்சியாளுடைய உடம்பு, தேரிக்காட்டுச் செம்மண்ணைக் காற்று வாரிக்கொண்டுவந்து வீட்டுக்குள் கொட்டுகிற அந்த ஆனி மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோவில் வாசலில் அவள் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றபோது, ஊரார் வாயிலிருந்து வருகிற சொல்லுக்குக் கீழ்ப்படியத் தொடங்கியது.

முதலில் சொன்னது ரோஸ்பாய் பெரியம்மை. கெட்ட மனசில் சொன்னதில்லை. எங்கள் பக்கம் ஒரு பிள்ளையைக் கண்டால் பெரியவர்கள் முதலில் அதன் உடம்பைத்தான் விசாரிப்போம். கறுத்திட்டியே, சதை வச்சிட்டியே, முகத்தில் என்ன பரு, முடி ஏன் இப்படிக் கொட்டிப்போச்சு என்று சொல்லி முடித்த பிறகுதான் அம்மை எங்கே, பரீட்சை எப்போ என்று கேட்போம். மற்ற ஊர்களில் கை கூப்புவதுபோல எங்களுக்கு அது. அப்படித்தான் பெரியம்மையும், "என்னட்டி கெத்சி, லீவுல நல்லாத் தடிச்சிட்டியே" என்றாள். சொல்லி வாயை மூடுவதற்குள் பிள்ளையின் சட்டைக் கைத் தையல் இரண்டு பக்கமும் விட்டுப்போனது. பின்னால் வந்த நர்ஸ் ஹெப்சி, பிள்ளை மனசு நோகக் கூடாதே என்று, "எங்க தடிச்சா? பாவம், மெலிஞ்சுலா கெடக்கா" என்றாள். உடனே கெத்சியின் பாவாடை இடுப்பிலிருந்து நழுவ, அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

நாங்கள் எல்லோரும் பார்த்தோம். யாரும் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை. "வயசுப் பிள்ளைக்கு உடம்பு அப்படித்தான், ஒரு நிலையில நிக்காது" என்றாள் பெரியம்மை. அன்னபாக்கியம் ஒரு ஊக்கு வாங்கிப் பாவாடையைக் குத்திக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஆனால் அந்த வாரம் முழுவதும் அப்படியே நடந்தது. பால்காரர் "பிள்ளை நெடுநெடுன்னு வளர்ந்துட்டே" என்றார், கெத்சி நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டாள். மளிகைக்கடையில் "வெயில்ல அலைஞ்சு கறுத்திட்டியே மக்கா" என்றார்கள், வீட்டுக்கு வரும்போது உள்ளங்கை வரைக்கும் கறுத்து வந்தாள். தெரு இதைக் காய்ச்சல், தலைவலி மாதிரி ஏற்றுக்கொண்டது. இன்னும் சொல்லப்போனால் சந்தோஷப்பட்டது. ஏனென்றால் இருக்கிற பிள்ளைகளில் ஒன்றையாவது நம் இஷ்டப்படி சரிபண்ணிக்கொள்ளலாமே.

"நீ ஒண்ணும் கலங்காத பாக்கியம், நல்லதா நாலு சொல்லிருவோம்" என்று பெண்கள் சாயங்காலம் ஞானராஜ் வீட்டு முன்னறையில் வந்து உட்கார்ந்து, பிள்ளையை நடுவில் நிறுத்தி, ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள்: செவத்திருக்கா என்றார்கள், இடுப்பு ஒரு பிடிதான் என்றார்கள், கண்ணு பெருசு என்றார்கள். மூக்கில்தான் தகராறு வந்தது. "கூர் மூக்குன்னு சொல்லு." "கூர் மூக்கு இவ முகத்துக்கு எடுக்காது, பிள்ளைக்கு அளவான மூக்கு." "குளிப்பாட்டும்போது நான் நீவிவிட்ட மூக்கு, எனக்குத் தெரியாதா?" இவர்கள் பேசப் பேச அந்த மூக்கு நீண்டும் சுருங்கியும் தவித்ததை, டீ கொண்டுவந்த அக்காள் பியூலாதான் பார்த்துவிட்டு, "அவளுக்குக் கண்ணுல தண்ணி வருது, விடுங்க" என்றாள்.

"அழகு வரும்போது கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்" என்றாள் பெரியம்மை.

வேனில் கூட வருகிற பெண்பிள்ளைகளுக்குப் பொறாமை தாங்கவில்லை. அவர்கள் போனில் முகத்தைச் சின்னதாக்கி, தோலை வழவழப்பாக்கி, படம் எடுத்துப் பார்த்து, போனை அணைத்தவுடன் பழைய முகத்தோடு உட்கார்ந்திருக்கிறவர்கள். "உனக்கென்னடி, நேர்லயே ஃபில்டர்" என்றார்கள். ஒருத்தி, "நான் உனக்கு ரெண்டு சொல்லுதேன், நீ எனக்கு ஒண்ணு சொல்லு" என்று பேரம் பேசிப் பார்த்தாள். கெத்சி மனசாரச் சொன்னாள். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் நடக்கவில்லை. அன்று முதல் அவர்கள் வாயில் நல்லது குறைந்தது. பின் சீட்டில் இருந்த பையன்கள் "தார் டின்" என்பார்கள், "தென்னை ஓலை" என்பார்கள், ஞானராஜ் கண்ணாடியில் பார்க்கும்போது மகள் கறுத்து, நீண்டு, வற்றி உட்கார்ந்திருப்பாள். வேனை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு அவர் தன்னால் ஆன மட்டும், "பிள்ளை நல்லாருக்கா, பிள்ளை நல்லாருக்கா" என்று சொல்லிப் பார்ப்பார். அந்தச் சொல்லுக்கு மட்டும் உடம்பு என்ன செய்வதென்று தெரியாமல் சும்மா இருக்கும்.

ஒரு நாள் மெயின் ரோட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கிய யாரோ ஒரு உறவுக்காரர், "நம்ம ஞானராஜ் மகளா? ஆளு அடையாளமே தெரியலையே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கெத்சி வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினாள். அன்னபாக்கியம் திறந்து, "யாரும்மா, யார் வேணும்?" என்று கேட்டாள். "அம்மா, நான்தான்" என்றாள் பிள்ளை. குரல் மகள் குரல், முகம் உலகத்தில் யாருடையதாகவும் இருக்கலாம். அன்னபாக்கியம் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து உள்ளே உட்காரவைத்து, அது தன் பிள்ளைதான் என்று புத்தியால் தெரிந்தும் மனசால் தெரியாமல், கர்த்தாவே, கர்த்தாவே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். விளக்கேற்றுகிற நேரத்துக்கு ஹெப்சி ஓடிவந்து, "எல்லாம் அப்படியே பாக்கியக்கா ஜாடைதானே" என்று சொன்ன பிறகே முகம் திரும்ப வந்தது. அதுவும் கொஞ்சம் அம்மை ஜாடை கூடுதலாக.

இத்தனைக்குப் பிறகு கெத்சி வீட்டை விட்டு இறங்க மாட்டாள் என்று நினைத்தோம். அவளோ முன்னைவிட அதிகமாக இறங்கினாள்.

எங்கள் ஊரில் மற்ற எல்லாச் சொல்லையும் யாரும் யாருக்கும் சொல்லலாம்; "மெலிஞ்சிட்டியே" என்பதை மட்டும் பிரியம் உள்ளவர்கள்தான் சொல்வார்கள். விடுதியிலிருந்து வரும் பிள்ளையின் கன்னத்தைத் தடவிச் சொல்வது, பிரசவித்து வந்த மகளிடம் சொல்வது, வெளிநாட்டிலிருந்து இறங்கிய புருஷனிடம் சொல்வது. அந்தச் சொல்லில் நெஞ்சு இளகும். கெத்சி அந்தச் சொல்லுக்கு ருசிப்பட்டுப் போனாள். பள்ளிக்கூடத்தில் மெலிந்தவளைத்தான் முன்வரிசையில் நிற்கவைத்துப் படம் எடுக்கிறார்கள், வீட்டுப் பக்கம் மெலிந்தவளைத்தான் கட்டிப்பிடித்து உருகுகிறார்கள்; பிள்ளை வேறு என்ன கணக்குப் போடும்? கோவில் முனையிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும் காரணமில்லாமல் நடப்பாள். ஒவ்வொரு வாசலிலும் ஒவ்வொருத்தி, "ஐயோ என் மக்கா, இப்படி மெலிஞ்சு போயிட்டியே, ஒண்ணும் திங்குதியா இல்லையா" என்பாள். ஒவ்வொரு வாசலிலும் பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கன்னம் ஒட்டி, வளையல் முழங்கை வரை ஏறி இறங்க, சிரித்துக்கொண்டே அடுத்த வாசலுக்குப் போவாள்.

ஹெப்சி ஒருநாள் வழிமறித்து ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். எடை பார்க்கும்போது அங்கே இருந்த இன்னொரு நர்ஸ், "என்ன இது, காத்தடிச்சா பறந்திருவா போலயே" என்று சொல்ல, முள் கண்முன்னே இறங்கியது. ஹெப்சி நாடியைப் பிடித்து வெகுநேரம் நின்றாள். பிறகு அன்னபாக்கியத்தைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, நெஞ்சு துடிக்கது சரியில்லை. இனி ஒரு சொல்லு தாங்க மாட்டா. சொல்லுதவங்க வாயை அடைங்க, இல்லைன்னா பிள்ளையை நாம பார்க்க மாட்டோம்" என்றாள்.

அன்னபாக்கியம் நேரே குருமனைக்குப் போய்ச் சபைப் போதகர் காலில் விழாத குறையாகச் சொன்னாள். எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்போம். அடுத்த ஞாயிறு அறிவிப்பு வாசிக்கும்போது ஐயர், பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்கும் வாலிபர் ஜெபத்துக்கும் நடுவில், அந்த அறிவிப்புகளைப் படிக்கிற அதே குரலில், "சபையார் யாரும் சகோதரி கெத்சியாளிடம் அவருடைய சரீரத்தைக் குறித்து நல்லதோ கெட்டதோ பேச வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறோம்" என்று வாசித்தார். சபை ஆமென் சொன்னது.

சொன்ன பிறகுதான் தெரிந்தது, எங்களிடம் வேறு பேச்சே இல்லை என்பது. அவள் எதிரே வந்தால் வாயைத் திறப்போம், திறந்த வாயில் உடம்பைத் தவிர ஒன்றும் வராது, மூடிக்கொள்வோம். ரோஸ்பாய் பெரியம்மை ஒருநாள், "என்னட்டி..." என்று ஆரம்பித்துவிட்டு, கண்ணெல்லாம் பிதுங்க, "...வெயிலடிக்கு" என்று முடித்தாள். அன்றைக்கு மழை. தடியங்காய், அதாவது பூசணிக்காய், விற்க வந்தவரைத் தெருமுனையிலேயே நிறுத்தி, "இந்தத் தெருவுல அதை வெறும் காயின்னு கூவும்" என்று சொல்லி அனுப்பினார்கள். தைரியமில்லாதவர்கள் தொழுவத்துச் சந்து வழியாகச் சுற்றிப் போனார்கள். தெருவே வாயைப் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தது. அந்தப் பார்வையை அவள் என்னவென்று எடுத்துக்கொண்டாளோ.

ஏனென்றால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, பிள்ளை அப்பவும் மெலிந்துகொண்டே போனாள்.

வீட்டுக்குள் யாரோ சொல்கிறார்கள் என்று அன்னபாக்கியம் சந்தேகப்பட்டாள். பியூலாவைக் கேட்டாள், புருஷனைக் கேட்டாள், டிவியை அணைத்துத் துணி போட்டு மூடினாள், போனை வாங்கிப் பீரோவில் வைத்தாள். பியூலாவுக்கு ஆவணியில் கல்யாணம். ஓலை கூறியாகிவிட்டது, அதாவது இன்னாருக்கு இன்னாரென்று கோவிலில் எல்லோர் முன்னாலும் வாசித்தாகிவிட்டது. வீடு நிறையத் துணிமணி, ஜாக்கெட்டுக்கு அளவெடுக்க வந்த தையல்காரப் பெண்கூட அளவை வாய்விட்டுச் சொல்லாமல் கெத்சியைச் சுற்றி நாடாவைப் பிடித்துவிட்டு, வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒரு காலையில் அன்னபாக்கியம் துவைக்கிற கல்லருகே நின்றபோது குளியலறைக்குள் பெண்கள் பேசும் சத்தம் கேட்டது. முதலில் ரோஸ்பாய் பெரியம்மையின் குரல், அந்த இழுவையோடு: "ஐயோ என் மக்கா, மெலிஞ்சு போயிட்டியே." அடுத்து ஹெப்சியின் குரல்: "பாவம், மெலிஞ்சுலா கெடக்கா." அடுத்து பால்காரர் மனைவி, அடுத்து ஐயரம்மா, அடுத்து வேனில் வருகிற பிள்ளைகள், ஒவ்வொருவராக, வரிசையாக, ஒரு வாசல் விடாமல் தெரு முழுவதும் அந்தச் சின்ன அறைக்குள் நின்று உருகிக்கொண்டிருந்தது. இவ்வளவு பேர் எப்படி உள்ளே போனார்கள் என்று அவள் கதவைத் தள்ளினாள். உள்ளே கெத்சி மட்டும் நின்றாள். சோப்பு வைக்கிற மாடத்துக்கு மேலே இருந்த துண்டுக் கண்ணாடியைப் பார்த்தபடி, அத்தனை பேர் குரலையும் தன் வாயாலேயே சொல்லிக்கொண்டு.

"ஏன் மக்கா?" என்றாள் அன்னபாக்கியம்.

"யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்காங்க" என்றாள் பிள்ளை. "நான் இருக்கனா இல்லையான்னே தெரியலைம்மா."

அன்னபாக்கியம் கண்ணாடியைக் கழற்றினாள். கண்ணாடி இல்லாமலும் சொல்லலாமே. வாயைக் கட்ட முடியுமா, பெற்ற பிள்ளையின் வாயை? மண்டியிட்டாள். கோவிலில் எழுந்து நின்று பத்து நிமிஷம் தடையில்லாமல் ஜெபிக்கிறவளுக்கு அன்று, பிதாவே என்பதற்குமேல் வார்த்தை வரவில்லை. எந்த வார்த்தை பிள்ளைமேல் விழுந்து என்ன செய்யுமோ என்று ஜெபத்துக்கே பயந்துபோனாள்.

கல்யாணத்தைத் தள்ளிப்போடலாமா என்று கேட்டதற்குக் கெத்சிதான் மாட்டேன் என்றாள். "பியூலாக்கா பின்னால நான்தான் தோழியா நடப்பேன்." பியூலா அவளைப் பார்க்காமல், "நடக்கட்டும். ஒருத்தரும் வாயைத் திறக்காம நான் பார்த்துக்கிடுதேன்" என்றாள். ஞானராஜ் ஒவ்வொரு உறவுக்காரருக்கும் போன் போட்டு, முகூர்த்த நேரத்தைச் சொல்லி, மண்டபத்துக்கு வழி சொல்லி, கடைசியாக இதையும் சொன்னார். எல்லோரும் சரி என்றார்கள். அவருடைய அக்காள், தாராவியில் இருக்கும் கிரேஸ் அத்தையின் போன் மட்டும் எடுபடவே இல்லை. அவள் அதற்குள் ரயில் ஏறியிருந்தாள்.

கல்யாணத்தன்று கெத்சி கோவில் நடுவழியில் அக்காளின் முக்காட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது, சபை முழுவதும் பெண்ணையும் பார்க்கவில்லை, மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை. மின்விசிறிகளை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். அந்தப் புழுக்கத்தில் எல்லோரும் வியர்த்து வடிய, பாட்டுப் புத்தகத்தால்கூட விசிறிக்கொள்ளாமல், அவள் ஒவ்வொரு அடியாக ஆல்டர் பீடத்துக்குப் போய்ச் சேருவதைப் பார்த்திருந்தோம். பட்டுப்பாவாடைதான் அவளை நிற்கவைத்திருந்தது என்று எனக்குத் தோன்றியது. தாலி கட்டி, கையெழுத்துப் போட்டு, ஐயர் ஆசீர்வாதம் கூறி முடித்ததும் சபை விட்ட மூச்சில் முன்வரிசை மெழுகுவர்த்திகள் அணைந்தன.

பந்தி மண்டபத்தில். இலை போட்டு, சோறு விழுந்து, ஆட்டுக்கறிக் குழம்பு வந்துகொண்டிருந்தபோது வாசலில் ஆட்டோ நின்றது. ரயில் தாமதமாம். கிரேஸ் அத்தை பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு, கனத்த உடம்போடு, விரித்த கையோடு, "எங்க என் மருமக்கமாரு?" என்று உள்ளே வந்தாள். ஞானராஜ் எழுந்தார். "அக்கா, ஒரு நிமிஷம் இங்க வா." "போ ஏல, உன்னைப் பெறவு பாக்கேன்." பெரியம்மை குறுக்கே போய் நின்றாள், அத்தை அவளைத் தோளைப் பிடித்து நகர்த்தினாள். குழம்பு வாளிகள் நின்ற இடத்தில் நின்றன. சின்ன வயசில் கெத்சியை வளர்த்தவள் கிரேஸ் அத்தை. அவள் பிரியத்துக்கு முன்னால் யார் நிற்பது? கெத்சியும் ஓடவில்லை. இலை முன்னாலிருந்து எழுந்து, வாங்கிக்கொள்ளக் காத்திருப்பவள் மாதிரி முகத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றாள்.

அத்தை இரண்டு கையாலும் அந்த முகத்தை ஏந்தினாள். அவள் கண் நிறைந்தது.

"என் தங்கமே," என்றாள், "உருகி ஒண்ணுமே இல்லாமப் போயிட்டியே."

பாவாடை தரையில் குவிந்தது. அத்தை அப்படியே உட்கார்ந்து குவியலை மடியில் அள்ளிக்கொண்டாள். பட்டுக்கு நடுவில் முகம் இருந்தது, கழுத்து இருந்தது, மற்றது இருக்கிறதா என்று தெரியவில்லை. மண்டபம் முழுவதும் எழுந்தது. இத்தனை நாள் அடைத்துவைத்த வாயெல்லாம் ஒரே நேரத்தில் திறந்தது. "தடிச்சிருக்கா, தடிச்சிருக்கா" என்றார்கள். "நல்ல சதைப்பிடிப்பு" என்றார்கள். "உருண்டு திரண்டுலா இருக்கா" என்றார்கள். "அவ்வளவு சொல்லாதீக, நெஞ்சு வெடிச்சிரும், அளவாச் சொல்லுங்க" என்று ஹெப்சி கத்தினாள். அந்தச் சொல்லெல்லாம் விழுந்து பட்டு உப்பியது, சுருங்கியது, உப்பியது. பிள்ளையின் கண் மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தது.

அன்னபாக்கியம் இலைகளை மிதித்துக்கொண்டு வந்து, "எல்லாரும் சும்மா இருங்க" என்றாள். அவள் சத்தம் போட்டு நாங்கள் கேட்டதில்லை. சும்மா இருந்தோம்.

அவள் மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். சொல்வதற்கு ஒரு சொல்கூட மிச்சமில்லை. அதனால் கேட்டாள்.

"உடம்புக்கு என்ன மக்கா செய்யுது?"

கெத்சியின் கண் கீழே வந்தது. இந்தக் கேள்விக்குப் பதில் யாருடைய குரலிலும் அவளிடம் இல்லை போலிருந்தது. உள்ளே போய்த் தேட வேண்டியிருந்தது, தேடினாள், நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். அடுப்படியில் ஏதோ தீய்கிற வாசனை வந்தது, யாரும் போகவில்லை.

"கால்ல குளிருது" என்றாள் முதலில். பட்டின் கீழ்நுனியில் ஒரு பெருவிரல் தெரிந்தது.

"வேற?"

"முதுகு எரியுது. ஜாக்கெட்டு ஊக்கு குத்துது." பியூலா கல்யாணச் சேலையோடு மண்டியிட்டு முதுகுப்பக்கம் கையை விட்டாள். அங்கே முதுகு இருந்தது. அவள் ஊக்கைக் கழற்றினாள்.

"வேற என்னம்மா?"

பிள்ளை அந்தப் பெருவிரலை மடக்கி நீட்டிப் பார்த்தாள். பிறகு, வெட்கப்படுகிற மாதிரி, ரொம்ப மெதுவாக, தன் சொந்தக் குரலில், "பசிக்கும்மா" என்றாள்.

பெரியம்மை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஐயர் அவளைப் பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டு, போய் ஒரு புது இலையை எடுத்து, தண்ணீர் தெளித்துத் துடைத்துக் கொண்டுவந்து தரையில் போட்டாள். ஞானராஜ் சோறு வைத்தார். அன்னபாக்கியம் பிசைந்து கொடுக்கப் போனாள். கெத்சி அத்தை மடியில் இருந்தபடியே, பட்டுக்குள்ளிருந்து குச்சிக் கையை வெளியே எடுத்து, தானே பிசைந்தாள். ஒரு வாய் வைத்தாள். விழுங்கக் கஷ்டப்பட்டாள். விழுங்கினாள். மண்டபத்தில் ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை, நாங்களாகவே அவரவர் இலையைப் பார்த்துக்கொண்டு, ஆறிப்போன சோற்றைத் தின்ன ஆரம்பித்தோம். இன்னொரு வாய். இன்னொரு வாய். வாளிக்காரர் தயங்கித் தயங்கி வந்து, "குழம்பு விடட்டுமா?" என்று கேட்க, "காரம் சாஸ்தி, ரசம் போதும்" என்று அவள் சொன்னது கடைசி வரிசை வரை கேட்டது.

கிரேஸ் அத்தை அதுவரை அழுதுகொண்டுதான் இருந்தாள். இப்போது அழுகையை நிறுத்தி, முகத்தைச் சுளித்து, மெல்ல நெளிந்தாள்.

"ஏட்டி, கொஞ்சம் எறங்கி உக்காரு," என்றாள். "எனக்குக் கால் மரத்துப்போச்சு."

"பொறுங்கத்தை" என்றாள் கெத்சி வாய் நிறையச் சோற்றோடு, "சாப்பிட்டு முடிச்சிருதேன்."